டிராட்மன் கழுத்து முறிந்தது தெரிந்தா ஆடினார்?

மான்செஸ்டர் சிட்டி கால்பந்து கிளப்பின் முன்னாள் கோல்கீப்பர் டிராட்மனைப் பற்றி ஒருவர், "கழுத்தெலும்பு முறிந்தது தெரிந்தும் பெர்ட் டிராட்மன் இறுதிப்போட்டியை ஆடி முடித்தார், அதற்காகத்தான் ஆண்டின் சிறந்த வீரர் விருது கொடுத்தார்கள்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு நண்பரே.

1956 எஃப்ஏ கோப்பை (இங்கிலாந்தின் கால்பந்துக் கோப்பை) இறுதிப்போட்டி. மான்செஸ்டர் சிட்டி 3-1 என முன்னிலை. ஆட்டம் முடிய ஏறக்குறைய 17 நிமிடம் இருக்கும்போது, பர்மிங்காம் சிட்டியின் பீட்டர் மர்ஃபியின் காலடியில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து மோதிக்கொண்டார் டிராட்மன். அப்போது மாற்று வீரரை இறக்க விதி கிடையாது. கடும் வலியோடுதான் ஆடினார், ஆனால் எலும்பு முறிந்தது அவருக்கே தெரியாது. மருத்துவமனையில்கூட முதலில் சாதாரணப் பிடிப்பு என்றே சொல்லி அனுப்பினார்கள். சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் இரண்டாவது முள்ளெலும்பு பிளந்திருப்பது தெரிந்தது. மூன்றாவது எலும்பு அதோடு இறுகிச் செருகிக்கொண்டதால்தான் உயிர் தப்பினார்.

விருதோ இறுதிப்போட்டிக்கு முன்பே முடிவாகிவிட்டது. அந்தப் பருவம் முழுக்க அவர் ஆடிய ஆட்டத்துக்குக் கிடைத்தது அது. அதைப் பெற்ற முதல் கோல்கீப்பர் அவர்தான்.

என்னைக் கேட்டால் 1949தான் அவருடைய பெரிய சோதனை. போர்க்கைதியாக இங்கிலாந்து வந்த முன்னாள் ஜெர்மன் பாராசூட் படைவீரரைக் கிளப் சேர்த்ததும், ஊரே எதிர்த்துத் தெருவில் இறங்கியது. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூத மதகுரு அலெக்சாண்டர் ஆல்ட்மன்தான், ஒரு தனிமனிதனைத் தண்டிக்காதீர்கள் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். அதே கிளப்புக்காக 1964 வரை 545 ஆட்டங்கள் ஆடினார் டிராட்மன்.