வசம்புப் பொடியைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு

அந்தப் பயிற்சி முகாம் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. விதைப் பயறில் வண்டு விழாமல் இருக்க வசம்புப் பொடி கலப்பதை முகாமுக்கு வந்திருந்த ஒரு அம்மா சொல்லி முடிப்பதற்குள், மேடையில் இருந்த படித்தவர் ஒருவர் சிரித்துவிட்டார். கிலோவுக்கு எவ்வளவு போடுவீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அளவு இருக்கிறது ஐயா. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம். பயறு வண்டு பயறைத் தின்பதில்லை. மேலே முட்டை வைக்கும், அதிலிருந்து வரும் புழுதான் உள்ளே குடையும். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் அந்த முட்டை வைப்பதையே கெடுக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலேயே வசம்பை வைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

எங்கள் அப்பத்தா உளுந்தை நல்ல வெயிலில் காயவைத்து, ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பார். டக்கென்று உடைந்தால்தான் பானைக்குள் போகும். ஈரம் இருந்தால் எந்தப் பொடியும் காப்பாற்றாது என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு அப்புறம் வீட்டுக்கு வண்டு கொல்லும் மாத்திரை வந்தது. கடைக்காரர் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார், வேறொன்றும் சொல்லவில்லை. மாத்திரை போட்ட மூட்டை இருந்த அறையில்தான் நாங்கள் படுத்தோம். தங்கச்சி விடிய விடிய வாந்தி எடுத்தாள். பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம். அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. ஈரக்காற்றுப் பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். அந்த நஞ்சை முறிக்க மருந்து கிடையாது. பொதுமக்களுக்கு விற்கவே கூடாத பொருள் அந்த மாத்திரை.

"பெரிய கிடங்கில் பொடி தூவுவாயா?" என்று கேட்பீர்கள். யார் அப்படிச் சொன்னது? அங்கே பயிற்சி பெற்றவர்கள் தார்ப்பாய் மூடி வாயு விடட்டும், சரி. நான் பேசுவது ஒரு வீட்டில் அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்கும் அரை மூட்டை விதையைப் பற்றி. "வசம்பே நஞ்சுதானே, அமெரிக்காவில் 1968-லேயே உணவில் சேர்க்கத் தடை போட்டார்களே" என்பீர்கள். உண்மை. அதனால்தான் விதைக்கு என்கிறேன். அந்த அம்மாவும் விதைக்கு என்றுதான் சொன்னார், காணொளியை மறுபடி கேளுங்கள். சமைக்கிற பயறுக்கு வேப்பிலையும் நொச்சி இலையும் இருக்கின்றன.

நான் அறிவியலுக்கு எதிரி இல்லை. கேள்வி கேட்காமல் சிரிப்பதுதான் அறிவியலுக்கு எதிரானது. வேப்பெண்ணெயை வைத்துப் பூஞ்சையைத் தடுப்பதற்கு ஐரோப்பாவில் காப்புரிமை கொடுத்தார்களே, அதை 2000-இல் எப்படி ரத்து செய்ய வைத்தோம்? இங்கே அந்தப் பழக்கம் முன்பே இருந்தது என்று காட்டித்தான். மேல்முறையீடும் 2005-இல் தோற்றது. வழக்குக்குச் சாட்சியாக மட்டும் நம் சனங்களின் அறிவு வேண்டும், மேடையில் அதே சனங்கள் வாய் திறந்தால் கேலியா? படித்தவர் என்பதால் அந்த உரிமை வந்துவிடுமா? என் அப்பத்தாவைச் சிரித்த மாதிரிதான் எனக்கு இருந்தது.

அந்தக் காணொளியைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து நீக்குங்கள். இந்தப் பதிவின் கீழேயும் சிரிப்புப் பொம்மை போடுகிறவர்கள் யாராக இருந்தாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், நட்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.