அவகாசம் யாருக்குக் கிடைக்கிறது?

ஒரு நாடு கடனில் மூழ்கிவிட்டது என்று செய்தி வந்தால், கூடவே ஒரு தீர்ப்பும் வந்துவிடுகிறது. வரவுக்கு மேல் செலவு செய்தார்கள், ஊழல் செய்தார்கள், இப்போது அனுபவிக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள்கூட இப்படிச் சொல்லிவிட்டுக் கடந்து போகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1997தான் நினைவுக்கு வரும்.

அந்த ஆண்டு ஜூலை 2ஆம் தேதி, டாலரோடு கட்டி வைத்திருந்த தன் நாணயமான பாத்தை தாய்லாந்து அவிழ்த்துவிட்டது. அங்கே பற்றிய தீ இந்தோனேசியா, மலேசியா, தென்கொரியா என்று ஆறே மாதத்தில் பரவியது. அந்த அரசுகள் ஊதாரி அரசுகளா? தாய்லாந்து பட்ஜெட்டில் பல ஆண்டுகளாக உபரி இருந்தது. தென்கொரிய அரசின் கடன், பல பணக்கார நாடுகளின் கடனோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. நான்கே ஆண்டுக்கு முன்னால் உலக வங்கி இந்தப் பகுதியின் வளர்ச்சியை அதிசயம் என்று புகழ்ந்திருந்தது.

அப்புறம் ஏன் விழுந்தார்கள்? கடன் வாங்கியது பெரும்பாலும் தனியார் நிறுவனங்களும் வங்கிகளும். உள்ளூர் வட்டியைவிட டாலர் வட்டி குறைவு. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 25 பாத் என்ற விகிதம் வருடக்கணக்கில் அசையாமல் இருந்ததால், டாலரில் வாங்கினால் லாபம் என்று எல்லோரும் வாங்கினார்கள். ஒரு வருடத்துக்குள் திருப்ப வேண்டிய கடனை வாங்கி, பணம் திரும்பிவரப் பல வருடம் பிடிக்கும் கட்டடங்களில் போட்டார்கள். கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கிகளுக்கும் இது தெரியும். தவணை வந்ததும் புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்று இரண்டு தரப்பும் நம்பின. ஒருநாள் ஒரு தரப்பு மட்டும் நம்புவதை நிறுத்தியது.

அதன் பிறகு நடப்பது வெறும் கணக்கு. இந்தோனேசியாவில் ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் கடன் வாங்கியிருந்ததாக வைத்துக்கொள்வோம். நெருக்கடிக்கு முன்னால் ஒரு டாலர் சுமார் 2,400 ருபியா. அதாவது கடன் 240 கோடி ருபியா. 1998 ஜனவரியில் டாலர் 10,000 ருபியாவைத் தாண்டியது. அதே கடன் இப்போது 1,000 கோடி ருபியா. அந்த நிறுவனம் ஒரு தவறும் புதிதாகச் செய்யவில்லை, ஒரு டாலர்கூடக் கூடுதலாக வாங்கவில்லை. ஆனாலும் கடன் நான்கு மடங்கைத் தாண்டிவிட்டது. இப்படி ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் ஒரே வாரத்தில் டாலரைத் தேடி ஓடினால் ருபியா இன்னும் விழும். விழுந்தால் கடன் இன்னும் வீங்கும். இந்தச் சுழலுக்குள் நல்ல நிறுவனம், கெட்ட நிறுவனம் என்ற வேறுபாடே கிடையாது.

பல வருடமாக இந்த நெருக்கடிகளைப் பற்றிப் படித்து வருகிறவன் என்ற முறையில் நான் வந்து சேர்ந்திருக்கும் இடம் இதுதான். தப்பு எல்லா நாடுகளும் செய்கின்றன. பணக்கார நாடுகள் செய்யும் தப்புகள் அளவில் பெரியவை. ஆனால் தப்பைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் மட்டும் ஒன்றாக இருப்பதில்லை. ஒருவருக்குப் பத்து வருடம், இன்னொருவருக்குப் பத்து நாள்.

தென்கொரியாவின் கதையைப் பாருங்கள். 1997 டிசம்பர் தொடக்கத்தில் சர்வதேச நாணய நிதியத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, மற்ற நாடுகள் எல்லாம் சேர்ந்து 5,500 கோடி டாலருக்கு மேல் தருவதாக அறிவிப்பு. அதுவரை கேள்விப்படாத தொகை. அப்படியும் கொரிய நாணயமான வான் விழுவது நிற்கவில்லை. ஏன் என்றால் உதவிப் பணம் ஒரு வாசல் வழியாக வர வர, வெளிநாட்டு வங்கிகள் தங்கள் குறுகிய காலக் கடனை வசூலித்துக்கொண்டு இன்னொரு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. கையிருப்பு நாள் கணக்கில் கரைந்தது.

கடைசியில் நிறுத்தியது எது? கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் அமெரிக்காவும் மற்றப் பணக்கார நாடுகளும் தங்கள் வங்கிகளைக் கூப்பிட்டு, கொரியக் கடனை இப்போது வசூலிக்காதீர்கள், புதுப்பியுங்கள் என்று கேட்டுக்கொண்டன. ஜனவரி முடிவதற்குள் அந்தக் குறுகிய காலக் கடனை ஒன்று முதல் மூன்று வருடக் கடனாக மாற்ற உடன்பாடு ஏற்பட்டது. அவ்வளவுதான், புயல் தணியத் தொடங்கியது. கொரியா 2001 ஆகஸ்டில் நிதியத்தின் கடனைக் குறித்த காலத்துக்கு முன்னதாகவே அடைத்துவிட்டது. திருப்பிக் கொடுக்கும் சக்தி அந்த நாட்டுக்கு எப்போதும் இருந்தது. இல்லாமல் போனது நாட்கள். இந்தத் தொலைபேசி அழைப்புகளை நவம்பரிலேயே செய்திருந்தால் எத்தனை பேர் வேலையில் இருந்திருப்பார்கள்? இந்தக் கேள்வி என்னை இன்றும் விடவில்லை.

செய்யாததால் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். ஏறத்தாழ 35 லட்சம் கொரிய மக்கள் மோதிரமும் சங்கிலியும் குழந்தைகளின் நகையுமாக வரிசையில் நின்று நாட்டுக்காகக் கொடுத்தார்கள். சுமார் 227 டன் தங்கம் சேர்ந்தது. இதைத் தேசபக்தியின் உச்சம் என்று பகிர்கிறவர்கள் உண்டு. எனக்கும் அது நெகிழ்ச்சியான காட்சிதான். ஆனால் அவர்களில் யாரும் லண்டனிலோ நியூயார்க்கிலோ டாலர் கடன் வாங்கியவர்கள் இல்லை. 1991இல் இந்தியா சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்து ஏறத்தாழ 40 கோடி டாலர் வாங்கியதும் இதே காரணத்துக்காகத்தான். சில வாரங்கள் வேண்டும், அதற்கு விலை தங்கம்.

இந்தோனேசியாவுக்கு அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. 1997 நவம்பர் 1ஆம் தேதி, நிதியத்தின் திட்டப்படி 16 வங்கிகள் ஒரே நாளில் மூடப்பட்டன. அவற்றில் பல, மூட வேண்டிய வங்கிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் டெபாசிட் போட்டிருந்த எல்லோருக்கும் முழு உத்தரவாதம் தராமல், அடுத்து எந்த வங்கி என்று சொல்லாமல் மூடினால் மக்கள் என்ன செய்வார்கள்? நல்ல வங்கிகளிலிருந்தும் பணத்தை எடுத்தார்கள். 1998இல் பொருளாதாரம் 13 சதவீதம் சுருங்கியது. மே மாதம் எரிபொருள் விலை ஏற்றப்பட்டது, கலவரம் வெடித்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சீன வம்சாவளியினர் வீடு வீடாகத் தேடித் தாக்கப்பட்டார்கள். 30 ஆண்டுக்கு மேல் ஆண்ட சுகார்த்தோ மே 21 அன்று பதவி விலகினார். அவர் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதுதான் வருத்தம்.

சரி, அவகாசம் கிடைத்தவர்கள் யார் என்று கேட்டால், 1982க்குப் போக வேண்டும். அமெரிக்கப் பணவீக்கத்தை அடக்க, அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவர் பால் வோல்க்கர் வட்டியை ஏற்றினார், அங்கே வட்டி 20 சதவீதத்தை ஒட்டிப் போனது. லத்தீன் அமெரிக்க நாடுகளின் டாலர் கடனில் பெரும்பகுதி மாறும் வட்டிக் கடன். வாங்கியபோது இருந்த வட்டி வேறு, கட்டும்போது வந்த வட்டி வேறு. ஆகஸ்டில் மெக்சிகோ கட்ட முடியாது என்று கைவிரித்தது. அந்தக் கடனை அன்றே நஷ்டமாக எழுதியிருந்தால் பெரிய அமெரிக்க வங்கிகள் பல திவாலாகியிருக்கும், ஏனென்றால் அவை கொடுத்திருந்தது அவற்றின் சொந்த மூலதனத்தைவிட அதிகம். அதனால் யாரும் நஷ்டம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. பழைய வட்டியைக் கட்டப் புதுக்கடன், கூடவே சிக்கன நிபந்தனைகள். வங்கிகள் வருடா வருடம் லாபத்தில் ஒதுக்கி வைத்துத் தங்களைத் தேற்றிக்கொண்டன. சிட்டிகார்ப் 1987இல் 300 கோடி டாலரை நஷ்டத்துக்காக ஒதுக்கியது. கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் பிரேடி திட்டம் வந்தது 1989இல். ஏழு வருடம்! அந்த ஏழு வருடமும் கடன் கொடுத்தவருக்குக் கிடைத்த அவகாசம். கடன் வாங்கிய நாடுகளில் அந்தக் காலத்துக்கு இழந்த பத்தாண்டு என்று பெயர்.

2008ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெருக்கடி பிறந்ததே அமெரிக்க வீட்டுக் கடன் சந்தையில். அங்கே மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டி இறக்கியது, வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் திட்டம் வந்தது. சரியான முடிவு என்றே சொல்வேன், விழுகிற பொருளாதாரத்தைத் தாங்கத்தான் வேண்டும். 1997இல் தாய்லாந்துக்கும் கொரியாவுக்கும் சொன்னது என்ன? வட்டியை ஏற்று, செலவைக் குறை, வங்கிகளை மூடு. நாணயத்தைக் காக்க வேறு வழி இல்லை என்றார்கள். பயந்து ஓடும் பணத்துக்கு அன்று கொரியாவில் 30 சதவீத வட்டிகூட ஆறுதல் தரவில்லை. உள்நாட்டில் ஒழுங்காகத் தவணை கட்டிக்கொண்டிருந்த சிறு தொழில்காரர்தான் அந்த வட்டியில் முறிந்தார். இன்னொரு கொடுமை, 2008இல் அமெரிக்காவில் தீப்பிடித்தபோது உலகம் முழுவதும் பணம் ஓடி ஒளிந்த இடமும் அமெரிக்கக் கடன் பத்திரம்தான். வளரும் நாடுகளின் நாணயங்கள்தான் விழுந்தன.

அந்த அக்டோபரில் ஃபெடரல் ரிசர்வ் பிரேசில், மெக்சிகோ, தென்கொரியா, சிங்கப்பூர் ஆகிய நான்கு மத்திய வங்கிகளுக்கு, தலா 3,000 கோடி டாலர் வரை தன் நாணயத்தைக் கொடுத்து அவர்கள் நாணயத்தை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டது. இதை நாணயப் பரிமாற்ற ஏற்பாடு என்கிறார்கள். நான் இதை அச்சடித்த அவகாசம் என்றுதான் பார்க்கிறேன். பட்டியலில் இல்லாத நாடுகள் சொந்தக் கையிருப்பை வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது.

அவகாசம் நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, நாட்டுக்குள்ளேயும் ஒரே மாதிரி பங்கிடப்படுவதில்லை. அர்ஜென்டினாவில் ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்ற சட்டம் 1991 முதல் இருந்தது. அது நிற்காது என்று மோப்பம் பிடித்தவர்கள் 2001 முழுவதும் டாலரை வெளியே கொண்டுபோய்க்கொண்டே இருந்தார்கள். டிசம்பர் 1ஆம் தேதி அரசு கணக்குகளை முடக்கியது, வாரத்துக்கு 250 பெசோதான் எடுக்கலாம். அன்றைக்கு வங்கியில் பணம் வைத்திருந்தவர்கள் சம்பளக்காரர்கள், ஓய்வூதியர்கள், சட்டத்தை நம்பியவர்கள். டாலரில் போட்டு வைத்திருந்தவர்களுக்குக்கூட, ஒரு டாலருக்கு 1.40 பெசோ என்று மாற்றிக் கொடுத்தார்கள். வெளியே சந்தையில் டாலர் சில மாதத்தில் மூன்று பெசோவைத் தாண்டியது. பானையும் கரண்டியும் எடுத்துக்கொண்டு அந்த மக்கள் தெருவுக்கு வந்ததில் என்ன ஆச்சரியம்? இரண்டு வாரத்துக்குள் ஐந்து பேர் அதிபர் நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தார்கள்.

ஆட்சியாளர்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். கிடைத்த அவகாசத்தை உண்மையை மறைக்கப் பயன்படுத்துகிறவர்கள் அவர்கள்தான். தாய்லாந்து மத்திய வங்கி தன்னிடம் 3,000 கோடி டாலருக்கு மேல் கையிருப்பு இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தபோது, அதில் பெரும்பகுதி, பின்னொரு தேதியில் டாலர் தருவதாகச் செய்த முன்பேர ஒப்பந்தங்களில் ஏற்கெனவே அடகு போயிருந்தது. இலங்கை 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. பின்னாலேயே கொரோனா வந்தது, சுற்றுலா வருமானம் போனது. நிதியத்திடம் போ, கடனை மறுசீரமை என்று உள்நாட்டுப் பொருளாதார அறிஞர்களே கரடியாகக் கத்தினார்கள். கேட்கவில்லை. 2022 ஜனவரியில்கூட, டாலர் இல்லாமல் இறக்குமதி தள்ளாடிக்கொண்டிருந்த நிலையில், 50 கோடி டாலர் பத்திரக் கடனை முழுதாக அடைத்தார்கள். மூன்றே மாதத்தில், ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அந்த 50 கோடியில் எத்தனை கப்பல் எரிவாயு, எத்தனை மாத மருந்து வந்திருக்கும்? பெட்ரோல் வரிசையில் நின்றே மக்கள் இறந்தார்கள். செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. சம்பளத்தை யாரும் வெட்டவில்லை, ஆனால் அதே சம்பளம் ஒரு வருடம் முன்பு வாங்கியதில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத்தான் வாங்கியது.

1997இல் அடிபட்டவர்கள் ஒரு பாடம் படித்தார்கள்: யாரையும் நம்பாதே, டாலரைச் சேர்த்து வை. ஆசிய நாடுகளின் மத்திய வங்கிகளில் இன்று குவிந்திருக்கும் கையிருப்பு அந்தப் பயத்தின் உருவம். 2013 மே மாதம், பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்கலாம் என்று அப்போதைய ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பெர்னான்கி பேசிய பேச்சுக்கே இந்திய ரூபாயும் ருபியாவும் பிரேசில் ரியாலும் சரிந்தன, ஆனால் நாடுகள் சரியவில்லை. கையிருப்பு வேலை செய்தது. அதன் விலையையும் சொல்ல வேண்டும். சேர்த்த டாலரை எங்கே வைக்கிறார்கள்? பெரும்பாலும் குறைந்த வட்டிக்கு அமெரிக்க அரசின் கடன் பத்திரத்தில். பள்ளிக்கூடமும் குடிநீரும் போதாத நாடு, உலகின் பணக்கார அரசுக்கு மலிவாகக் கடன் கொடுத்துக்கொண்டு, தன் தேவைக்கு அதிக வட்டியில் வெளியே வாங்குகிறது.

சிலி வேறு வழியைப் பார்த்தது. 1991 முதல் 1998 வரை, உள்ளே வரும் வெளிநாட்டுக் கடனில் ஒரு பகுதியை, பிறகு 30 சதவீதம் வரை, வட்டி இல்லாமல் மத்திய வங்கியில் ஒரு வருடம் போட்டு வைக்கச் சொன்னது. சீக்கிரம் வந்து சீக்கிரம் ஓடும் பணத்துக்கு இது கட்டுப்படியாகாது. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும், பணம் வெளியே போகும்போது அணை கட்டாமல், வரும்போதே வேகத்தைக் குறைக்கிறது. மலேசியா 1998 செப்டம்பரில் வெளியேறும் வாசலையே அடைத்து, ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று நிறுத்தியது. இனி ஒரு முதலீட்டாளரும் அந்தப் பக்கம் வர மாட்டார் என்றார்கள், வந்தார்கள். மற்ற நாடுகளும் அதே நேரத்தில் மீளத் தொடங்கியதால், மீட்சிக்குக் காரணம் அந்தத் தடைதானா என்பதில் இன்றும் வாதம் உண்டு. குறைந்தது, சொன்ன அழிவு வரவில்லை. பணம் நாட்டுக்குள் வருவதையும் வெளியே போவதையும் தடுக்கும் மூலதனக் கட்டுப்பாடு சில நேரங்களில் தேவைப்படலாம் என்று நிதியம் 2012இல் தன் கொள்கையிலேயே ஒப்புக்கொண்டது. பாங்காக்கில் வேலை இழந்தவருக்கு அது 15 வருடம் தாமதம்.

எனக்கு இருக்கும் பெரிய ஆதங்கம் வேறு. ஒரு நிறுவனம் நொடித்தால் நீதிமன்றம் போகலாம், கடன் கொடுத்தவர்கள் அத்தனை பேரையும் நிறுத்தி வைத்து அங்கே நிதானமாகக் கணக்குப் பார்ப்பார்கள். நாட்டுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. நிதியத்தின் துணைத் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆன் க்ரூகர் 2001இல் அப்படி ஒரு ஏற்பாட்டை முன்வைத்தார். 2003இல் அது கைவிடப்பட்டது, அமெரிக்கா ஆதரிக்கவில்லை, கடன் வாங்கும் நாடுகள் சிலவற்றுக்கும் வட்டி ஏறிவிடுமோ என்று தயக்கம். அதனால் இன்றும் ஒவ்வொரு நாடும் தனக்குக் கடன் கொடுத்த ஒவ்வொரு தரப்போடும் தனித்தனியாகப் பேசுகிறது. ஜாம்பியா 2020 நவம்பரில் தவணை தவறியது, அதன் பத்திரக் கடன் மறுசீரமைப்பு முடிந்தது 2024 ஜூனில்.

நெருக்கடி முடிந்துவிட்டதா என்று பொருளாதாரக் கோடுகளைப் பார்த்துச் சொல்கிறார்கள். கோடு விழுந்தது, எழுந்தது, இரண்டே வருடத்தில் மீண்டது என்று கட்டுரை எழுதுகிறார்கள். வீட்டில் பணம் இல்லை என்று பதினான்கு வயதில் பள்ளியை விட்ட பெண், அந்த இரண்டு வருடம் கழித்துப் பதினாறு வயதில் ஒன்பதாம் வகுப்பில் போய் உட்கார்வதில்லை. ஜாம்பியாவின் பேச்சுவார்த்தை மூன்றரை வருடத்துக்கு மேல் இழுத்தது. அங்கே அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள், கையெழுத்தானபோது பள்ளிப் பருவத்தையே தாண்டியிருந்தார்கள்.