பாலத்துக்கு அடியில் குனிந்து படம் எடுப்பவர்கள்

பொறியாளர் ஒருவரோடு சுற்றுலா போனவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். எல்லோரும் ஆற்றைப் பின்னணியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். இவர் மட்டும் பாலத்துக்கு அடியில் போய்க் குனிந்து நிற்பார். என்ன எடுக்கிறார் என்று எட்டிப் பார்த்தால் துருப்பிடித்த ஒரு தகடு, நாலு போல்ட், கொஞ்சம் புறா எச்சம். "இதையெல்லாம் எதுக்குங்க எடுக்கறீங்க?" என்று வீட்டில் கேட்டால் "சும்மாதான்" என்பார். நானும் அந்த ரகம்தான். அதனால் இந்தப் பதிவில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் 'சும்மா'வுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பாலத்தின் தளத்தில் குறுக்காக ஓர் இடைவெளி இருக்கும். வண்டி அதன்மேல் ஏறும்போது 'தடக்' என்று சத்தம் வரும். அதுதான் எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட். நூறு மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் அல்லது இரும்பு, வெப்பம் 30 டிகிரி கூடினால் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் நீளும். அந்த நீட்சி எங்கேயாவது போயாக வேண்டும். கோடை மதியத்தில் எடுத்த படத்தில் இடைவெளி ஒடுங்கியிருக்கும், குளிர்கால விடியலில் எடுத்ததில் வாய் பிளந்திருக்கும். குளிரிலும் அது ஒடுங்கியே கிடந்தால், எங்கோ ஒரு தூண் நகர்ந்திருக்கிறதா, குப்பை அடைத்துக்கொண்டதா என்று யோசிக்க வேண்டும். பார்ப்பவருக்கு அது வெறும் ஓட்டை. இவருக்கு அந்தப் பாலம் ஒழுங்காக மூச்சு விடுகிறதா என்று சொல்லும் இடம்.

மின்கம்பியிலும் அப்படித்தான். உயர் அழுத்தக் கம்பியில், கோபுரத்தை ஒட்டி, குட்டி தம்பெல் மாதிரி ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டாக்பிரிட்ஜ் டாம்பர் என்பார்கள். 1920களில் ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற பொறியாளர் கண்டுபிடித்தது. கம்பிக்குப் புயல் மட்டும்தான் எதிரி என்று நினைக்கிறோம். நிதானமாக, விடாமல் வீசும் மெல்லிய காற்றும் கம்பியை அதிர வைத்துக்கொண்டே இருக்கும், பிடிமானத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு இழையாக அறுந்துகொண்டே வரும். அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளத்தான் இந்த எடை. அது தன் இடத்தைவிட்டு வழுக்கி, கம்பியின் நடுப்பக்கம் போயிருந்தால் எங்கள் ஆள் நிச்சயம் படம் எடுப்பார்.

ட்ரான்ஸ்பார்மர் பக்கத்தில் கண்ணாடிக் குடுவையில் மணிமணியாக நீல நிறத்தில் இருக்குமே, அதுவும் எங்கள் ஆல்பத்தில் உண்டு. உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அது. ஈரம் ஏற ஏற இளஞ்சிவப்பாகிவிடும். அத்தனையும் இளஞ்சிவப்பாகிவிட்டால், மாற்ற வேண்டிய நாள் கடந்துவிட்டது என்று பொருள். வேறு சாயம் போட்ட ஜெல்லும் உண்டு, ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும். மண்ணைத் தாங்கும் சுவரில் வரிசையாக ஓட்டைகள் விட்டிருப்பார்கள். பெருமழைக்குப் பிறகு அவற்றில் தண்ணீர் வடிந்தால் நிம்மதி. ஓட்டை காய்ந்திருந்து, சுவர் மட்டும் ஊறி, நடுவில் லேசாகப் புடைத்திருந்தால் தண்ணீர் பின்னால் தேங்கி நிற்கிறது.

ஆக, இந்தப் பழக்கத்தைக் கேலி செய்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்குக் குறை என் இனத்தார்மேல்தான். படம் எடுப்பதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம்.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றின்மேல் இருந்த ஐ-35டபிள்யூ நெடுஞ்சாலைப் பாலம் 2007 ஆகஸ்ட் 1 மாலை, வாகனங்கள் நிரம்பியிருந்த நேரத்தில் அப்படியே விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். காரணம் குசெட் பிளேட், அதாவது இரும்புச் சட்டங்கள் ஒன்றுசேரும் இடத்தில் அவற்றை இணைத்துப் பிடிக்கும் தகடு. வடிவமைப்பிலேயே பிழை. இருக்க வேண்டியதில் பாதித் தடிமன்தான், வெறும் அரை அங்குலம். அது வடிவமைத்தபோதே நடந்த தவறு, சரி. எனக்குத் தூக்கம் கெடுத்தது விசாரணையில் வெளிவந்த இன்னொரு விஷயம். 1999லும் 2003லும் அதே பாலத்தில் எடுத்த படங்கள் இருந்தன. அவற்றில் அந்தத் தகடுகள் வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது! அந்தத் தகட்டின் ஓரம் நேர்கோடாக இருக்க வேண்டும், படத்தில் வில்லாக இருக்கிறது. படம் எடுத்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள். அந்தக் காலத்தில் எல்லோருடைய கவனமும் துருவிலும் உலோகச் சோர்வால், அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் விரிசலிலும் இருந்தது. வளைவைத் தேடி யாரும் பார்க்கவில்லை. படம் கோப்பில் கிடந்தது, பாலம் நின்றுகொண்டிருந்தது, அப்புறம் ஒரு நாள் விழுந்தது.

அதே அமெரிக்காவில், மெம்ஃபிஸ் நகரில் 2021 மே மாதம், ஐ-40 நெடுஞ்சாலைப் பாலத்தின் ஒரு முக்கியமான இரும்பு உத்தரம் ஏறக்குறைய முழுசாகப் பிளந்து கிடப்பதை ஆய்வுக்குப் போனவர்கள் கண்டார்கள். கண்டவுடனே அவசர உதவிக்குப் போன் போட்டு, போக்குவரத்தை நிறுத்தச் சொன்னார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பழையதைக் கிளறிப் பார்த்தால், 2019ல் ட்ரோனில் எடுத்த வீடியோவிலேயே அந்தப் பிளவு இருந்தது. 2016ல் ஆற்றில் சிறு படகில் போன ஒருவர் எடுத்த படத்திலும் அதே இடத்தில் கோடு தெரிகிறது. அவர் பாலத்தை ஆய்வு செய்யப் போனவர் இல்லை.

மயாமியில் 2018 மார்ச்சில் விழுந்த நடைபாலத்தின் கதை இதைவிடக் கொடுமை. அங்கே விரிசலை நன்றாகவே பார்த்தார்கள், படமும் எடுத்தார்கள், விழுந்த அன்று காலைகூட கூட்டம் போட்டு அந்த விரிசல்களைப் பற்றிப் பேசினார்கள். கீழே சாலையை மட்டும் மூடவில்லை. 6 உயிர் போயிற்று.

இந்த மூன்றையும் படித்த பிறகுதான் என் படங்களை நானே வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். பொறியாளர் குழுக்களில் வரும் படங்களையும். அங்கே என்ன நடக்கிறது? கோணலாகக் கட்டிய படிக்கட்டு, மின்கம்பத்தை நடுவில் விட்டுவிட்டுப் போட்ட சாலை, கீழே நூறு சிரிப்பு எமோஜி. எங்கே எடுத்தது, எப்போது, யாரிடமாவது சொன்னீர்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. சிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் சிரிக்கிறேன். ஆனால் அதே குழுவில் யாரோ ஒருவர் தூணில் ஓடும் விரிசலைப் போட்டால், அதற்கும் அதே எமோஜிதான் விழுகிறது.

பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் என்று ஒரு ஜெர்மன் தம்பதி. பொறியாளர்கள் இல்லை, கலைஞர்கள். 1959லிருந்து பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிகள், ஊதுலைகள், எரிவாயுத் தொட்டிகள் என்று எடுத்துத் தள்ளினார்கள். நிழல் விழாத மேகமூட்ட நாளில், நேர் எதிரே நின்று, ஒரே மாதிரி எடுப்பார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒன்றுக்கொன்று எங்கே மாறுகிறது என்று புரியும். இந்த ஒழுங்கு நமக்கு வர வேண்டும். மேகமூட்டம் விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை: சுவர் புடைப்பையும் தகட்டின் வளைவையும் காட்டிக்கொடுப்பது சாய்ந்து விழும் வெயில்தான்.

ஒரே இடத்தில் மூன்று படம் எடுப்பது என் வழக்கம். தூரத்திலிருந்து ஒன்று, எந்தத் தூண், எந்தப் பக்கம் என்று தெரிய. கொஞ்சம் கிட்டத்தில் ஒன்று. கடைசியாக, பக்கத்தில் நாணயமோ அளவுகோலோ வைத்து ஒன்று. அளவு தெரியாத விரிசல் படத்தை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. கான்கிரீட்டில் 0.2 மில்லிமீட்டர் விரிசல் பெரும்பாலும் சாதாரணம், 2 மில்லிமீட்டர் என்றால் பேச்சே வேறு. அளவுகோல் இல்லாத படத்தில் இரண்டும் ஒரே கறுப்புக் கோடுதான். பழைய ஆட்கள் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்துவிட்டுப் போவார்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது. நம் கையில் நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் தானே குறித்துக்கொள்ளும் கேமரா இருக்கிறது. என்ன ஒன்று, வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பெல்லாம் போய்விடும். அந்த இடத்தைப் பராமரிக்கும் துறைக்குக் கோப்பாக அனுப்புங்கள், அல்லது நாளையும் இடத்தையும் கையால் எழுதுங்கள்.

அணை, ரயில் நிலையம், மின் நிலையம் போன்ற இடங்களில் பல நாடுகளில் படம் எடுக்கத் தடை உண்டு. காவலாளி வந்து கேட்டால் வாதாடாமல் போனை உள்ளே வையுங்கள். அவர் தன் வேலையைச் செய்கிறார். கண்ணால் பார்த்ததை எழுதி அனுப்புவதற்கு எந்தத் தடையும் இல்லை.

அனுப்பினாலும் பெரும்பாலும் பதில் வராது. அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. சில மாதம் கழித்து அந்த வழியாகப் போகும்போது அதே இடத்தில் நின்று, அதே நாணயத்தை வைத்து இன்னொன்று எடுத்து, பழையதோடு சேர்த்து அனுப்புங்கள். ஒரு படத்தை "எப்பவும் இருக்கறதுதாங்க" என்று ஒதுக்கிவிடலாம். தேதி போட்ட இரண்டு படத்தில் கோடு வளர்ந்திருந்தால் அப்படிச் சொல்ல முடியாது, வந்து பார்த்தே ஆக வேண்டும்.