17 பேரில் இருந்து 5 இலட்சம்

குயினைனில் தொடங்கி ஆர்ட்டெமிசினின் வரை மலேரியா மருந்துகளின் கதையை அருமையாகச் சொன்ன உங்கள் கட்டுரை, நோய் வராமல் தடுப்பதை ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்குப் பெரிய மனக்குறை. இலங்கையைப் பாருங்கள். 1934-35இல் மலேரியா ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. பிறகு வீடு வீடாக நுளம்பைக் கொல்லும் டி.டி.டி. மருந்து அடித்தார்கள். சட்டி பானை எல்லாவற்றையும் முற்றத்தில் தூக்கி வைத்துவிட்டுக் காத்திருந்ததையும், மண்சுவரில் அது வெள்ளை வெள்ளையாகப் படிந்ததையும் அம்மம்மா சொல்லுவா. 1963இல் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா. ஒழிந்தது என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். 1969இல் 5 இலட்சத்தைத் தாண்டியது! மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுயின் மருந்து அப்போதும் ஆஸ்பத்திரியில் இருந்ததுதானே? 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்றளித்தது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு இன்னும் போகவில்லை. வெளிநாட்டில் இருந்து காய்ச்சலோடு வருகிறவர்களின் இரத்தத்தை இப்போதும் சோதிக்கிறார்கள்.