எரிபொருளை மாற்றினால் மட்டும் போதாது
சூளையில் நிலக்கரிக்குப் பதில் மரக்கழிவோ பசுமை மின்சாரமோ வந்துவிட்டால் உருக்காலையில் இரும்பின் அழுக்கை நீக்கப் போடும் சுண்ணாம்பின் கார்பன் பிரச்சினை தீர்ந்தது என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அரூர் பக்கம் எங்கள் தாத்தா காளவாய் போட்டவர். கல்லையும் கரியையும் அடுக்கடுக்காகப் போட்டு எரிப்பார்கள். வெந்து இறங்கும் கல் கிட்டத்தட்ட பாதி எடைதான் இருக்கும். அந்தக் குறைந்த எடைதான் கார்பன் டை ஆக்சைடு! சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ வெந்தால் 56 கிலோ சுண்ணாம்பு, மீதி 44 கிலோ காற்றில். ஒரு டன் சுண்ணாம்புக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 785 கிலோ. இது கல்லுக்குள் இருந்தே வருவது, எதைக் கொண்டு சுட்டாலும் வரும். வெளியிலிருந்து சூடேற்றும் மின்சூளையில் ஒரு நன்மை உண்டு: எரிபொருள் புகை கலக்காததால் அந்த வாயுவைத் தனியாகப் பிடிப்பது சுலபம். முக்கியமான அந்த விஷயத்தைக் கட்டுரை தொடவே இல்லை. மேலே கருத்து எழுதிய கிருஷ்ணகிரி நண்பர், வெள்ளையடித்த சுவர் கார்பனைத் திரும்ப உறிஞ்சிவிடுமே என்கிறார். சுவருக்குச் சரிங்க. உருக்காலையில் சுண்ணாம்பு இரும்பின் அழுக்கான சிலிக்காவோடும் பாஸ்பரஸோடும் சேர்ந்து கசடாகி (உருகிய இரும்பின் மேல் மிதக்கும் கழிவாகி) விடுகிறது. கசடு உறிஞ்சுவது மெதுவாக, அதுவும் ஓரளவுக்குத்தான். என்னைக் கேட்டால் முதலில் சுண்ணாம்புத் தேவையையே குறைக்க வேண்டும். உலைக்குப் போகும் இரும்பில் உள்ள சிலிக்கான்தான் அங்கே சிலிக்காவாகிறது; அது குறைந்தால் சுண்ணாம்பும் குறைவாகவே போதும். கையாளும்போது உதிர்ந்து வீணாகும் சுண்ணாம்புத் தூளையும் கட்டியாக அழுத்தி உலையில் போடலாம். இதற்கெல்லாம் புதுச் சூளை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.