ஓடிபியைக் காப்பது மட்டும் போதாது

‘ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்றுதான் இணையப் பண மோசடி பற்றிய எச்சரிக்கைக் கட்டுரைகள் பெரும்பாலும் முடிகின்றன. சரிதான், ஆனால் மின்கட்டண மோசடியில் பெரும்பாலும் யாரும் ஓடிபியைக் கேட்பதே இல்லை. ‘இன்று இரவு 9.30க்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்’ என்று எஸ்எம்எஸ் வரும். அழைத்தால் எனிடெஸ்க் மாதிரி திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொல்லி, ‘சரிபார்க்க 10 ரூபாய் மட்டும் கட்டுங்கள்’ என்பார்கள். நீங்கள் தட்டும் கார்டு எண், அடுத்து மேலே வந்து விழும் ஓடிபி, எல்லாம் மோசடிக்காரன் கண்முன்னே ஓடும். பத்து ரூபாய் வெறும் தூண்டில்.

முதலில் அனுப்பியவரைப் பாருங்கள். பத்து இலக்க செல்பேசி எண் என்றால் போலிதான். பாக்கி இருக்கிறதா என்பதை மின்வாரியத்தின் தளத்திலோ செயலியிலோ நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஏமாந்துவிட்டால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், செயலியை அப்புறம் நீக்கலாம். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குங்கள், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைத்துப் புகார் கொடுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும். தயவுசெய்து வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதிப்படி, நம் கவனக்குறைவே காரணமானாலும், வங்கியிடம் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியின் பொறுப்பு. புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.