பட்நாகர் விருது ஒழியவில்லை, பணம்தான் போனது

“பட்நாகர் விருதை ஒழித்துவிட்டார்கள், இளம் விஞ்ஞானிகளுக்கு இனி ஒன்றும் கிடையாது” என்பது தவறு. மத்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர் 1958 முதல் வழங்கிவந்த அந்த விருது, 2023-இல் அறிவிக்கப்பட்ட ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார் என்ற தேசிய அறிவியல் விருதுகளுக்குள் ‘விஞ்ஞான் யுவா – சாந்தி ஸ்வரூப் பட்நாகர்’ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. வயது வரம்பு இப்போதும் 45தான். அதிகபட்சம் 25 பேர் என்பது உச்சவரம்பு மட்டுமே, அத்தனை பேருக்கும் கொடுத்தாக வேண்டும் என்றில்லை. 2024 ஆகஸ்டில் முதன்முறை வழங்கியபோது யுவா பெற்றவர்கள் 18 பேர். அதே விருதுகளில் 3 பேர் வரை தரக்கூடிய வாழ்நாள் சாதனைப் பிரிவான விஞ்ஞான் ரத்னாவும் உயிர்வேதியியலாளர் கோவிந்தராஜன் பத்மநாபன் ஒருவருக்கே போனது.

முன்பு பட்நாகர் விருதுக்கு 5 லட்ச ரூபாயும் மாதத்தொகையும் உண்டு. இப்போது பதக்கமும் சான்றிதழும்தான். குறை சொல்வதென்றால் அதைச் சொல்லுங்கள், நியாயம் இருக்கிறது.